இரண்டாம் பாகத்தைத் தியாகம் செய்த மந்திரி

ஒரு நாவலாசிரியர் மனித குலத்துக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய தியாகம், எழுதுவதை நிறுத்துவதுதான். கொரியாவின் மாண்புமிகு நம்குங் பில் அதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். நாவலின் முதற்பாகம் வந்தது, புகழடைந்தார். புகழ் வீணாகக்கூடாதென்று தேர்தலில் நின்றார். மந்திரியானார். இரண்டாம் பாகம் ‘நாட்டு நலன் கருதி’ ஒத்திவைக்கப்பட்டது.

அப்பேர்ப்பட்டவர் துறைமுகத்தைப் பார்வையிட இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து, சுஜீவன் அறைகள் துப்புரவு செய்யும் ஹோட்டலில் தங்கினார்.

சுஜீவனிடம் அவருக்கென்று ஒரே ஒரு கேள்வி இருந்தது. அந்த நாவலின் இத்தாலிய மொழிபெயர்ப்பை அவன் மனைவி ஆரணி, வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் இரவல் வாங்கி, சீசா பகுதிக்குப் போகும் பஸ்ஸில் வாசித்து வாசித்து அவனுக்குக் கதை சொல்வாள். கடைசிப் பக்கத்தில் கதாநாயகி துறைமுகத்தில் நிற்கிறாள். ஒரு கால் கப்பல் பலகையில், ஒரு கால் கரையில்.

“ஏறுவாள், இருந்து பாருங்கோ” என்பாள் ஆரணி.

“ஏறமாட்டாள்.”

தோற்றவர் ஒரு மாதம் தேத்தண்ணி போடவேண்டும் என்று பந்தயம். ஆரணி இறந்து இரண்டு வருடம். பந்தயம் முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கேட்க சிஞ்ஞோராவுக்கும் மனம் வரவில்லை.

மந்திரி வந்த செய்தியைச் சுஜீவன் ‘ஒன்றுபட்ட தமிழர் மன்ற’த் தலைவர் அம்பலவாணரிடம் சொன்னான். (ஊரில் ஒன்றுபட்ட மன்றங்கள் மூன்று.) மறுநாளே பாராட்டு விழா.

“கொரியா மந்திரிக்கு நாங்கள் ஏன் அண்ணை விழா எடுக்கிறம்?”

“மந்திரி எண்டா மந்திரி, தம்பி. எந்த நாட்டுக் கழுத்தெண்டு பொன்னாடைக்குத் தெரியுமே?”

பல்லரோ சந்தைக்குப் பக்கத்து மண்டபம். ஆனி மாத வெக்கை. ஒரு பொன்னாடை என்றுதான் தீர்மானம். ஆனால் தலைவர் போர்த்தினால் செயலாளர் சும்மா இருப்பாரா? செயற்குழுவில் பதினொரு பேர், பதினொரு பொன்னாடை. மந்திரியில் மூக்கும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் எஞ்சின. வரவேற்புரை, தலைமையுரை, ஏழு வாழ்த்துரைகள். ‘நேரம் போதாமையால்’ பிரதம விருந்தினரின் உரை ரத்தாகி, ஒரேயொரு கேள்விக்கு இடமளிக்கப்பட்டது.

சுஜீவன் புத்தகத்தோடு எழுந்து இத்தாலிய மொழியில் கேட்டான்.

“அவள் கப்பலில் ஏறினாளா, இல்லையா?”

மொழிபெயர்ப்பாளப் பெண் கொரிய மொழியில் சொன்னாள். பொன்னாடைகளுக்குள்ளிருந்து மந்திரி அவளிடம் ஏதோ கிசுகிசுத்தார். அவளும் கிசுகிசுத்தாள். பிறகு அவர் கம்பீரமாக எழுந்தார்.

“மிக முக்கியமான கேள்வி. அந்தப் பெண்ணின் நலனில் எமது அரசுக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு. ஏறவும் அவருக்கு உரிமை உண்டு, ஏறாதிருக்கவும் உரிமை உண்டு. சகல தரப்பினருடனும் கலந்துபேசி, முடிவு உரிய வேளையில் அறிவிக்கப்படும்.”

கைதட்டலில் யன்னல்கள் அதிர்ந்தன. அம்பலவாணர் கண்ணைத் துடைத்தார்.

“பாத்தியே தம்பி, பிடிகுடுக்காமல் என்ன ஒரு கதை! இதெல்லே தலைவர்!”

சுஜீவன் மேடையோரம் போய் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டான்.

“முதலில் உங்களிடம் என்ன கேட்டார்?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“‘எந்தப் பெண்?’ என்று கேட்டார்.”

அவன் புத்தகத்தைப் பைக்குள் வைத்தான். வாசலில் அம்பலவாணர் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார்.

“எங்கை போறாய்? மந்திரி பேனையைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறார். கையெழுத்து வாங்கேல்லையே?”

“எழுதின ஆளிட்டை வாங்குவம் எண்டுதான் வந்தனான், அண்ணை. அவர் வரேல்லை.”