கம்ப்யூட்டரைத் திட்டக் கற்றுக்கொடுத்தவர்

கம்ப்யூட்டரைத் திட்டச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கோயமுத்தூரில் இருந்தார். அமெரிக்கா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருத்தர் கிடைக்கமாட்டார், பந்தயம் கட்டுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் நான் பர்சேஸ் குமாஸ்தா. ஒருநாள் லாரியில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. முதலாளி அறையிலேயே மின்விசிறிதான். கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் ஏசி போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஸ்டோர் கீப்பர் பொன்னுசாமி அண்ணன் ஒருபடி மேலே போய், நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நுழைவார்.

எங்களுக்குப் பழக்கிவிட காந்திபுரத்து கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றிலிருந்து ஒருத்தரை அனுப்பினார்கள். அவிநாசிக்காரர். ஊசிபோல உடம்பு, பழைய மொபெட், கையில் ஒரு டிபன் கேரியர். அதன் மேல்தட்டில் ஃப்ளாப்பிகளை அடுக்கிவைத்திருப்பார், தூசி படாதாம். எங்கள் கம்பெனியின் ஃப்ளாப்பிகள் எல்லாவற்றிலும் சாம்பார் வாசம் அடிக்கும்.

முதல் நாள் எல்லோரையும் ஒரு பெட்டியைச் சுற்றி நிறுத்தினார்.

“இதைத் திட்டுங்க.”

நாங்கள் முழித்தோம்.

“மனசுல பயத்தை வெச்சுக்கிட்டுத் தொட்டா வெரலு நடுங்குமுங்க. முதல்ல உள்ள இருக்கறதை வெளிய கொட்டிப்போடுங்க. ஏபிசிடியை அப்புறம் பாக்கலாம்.”

வேறு ஊராக இருந்தால் அந்த அறை நாறியிருக்கும். இங்கேயோ பொன்னுசாமி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். “ஏனுங்க, உங்களை ஆருங்க இங்க வரச் சொன்னது?”

“இதுக்குப் பேரு திட்டுங்களா? ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை விசாரிக்கற மாதிரி இருக்குதுங்க!” என்றார் அவர்.

அடுத்து வந்த அக்கவுண்டன்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, “நீங்க பண்றது சித்தெகூட நல்லா இல்லீங்க” என்றார். டைப்பிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சீ, போங்க” என்றாள். அவ்வளவுதான் எங்கள் ஆவேசம்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு பொட்டியைத் திட்டக்கூட இந்த ஊருல ஆளில்லீங்களே!”

அன்றிலிருந்து அவர் திட்டு வாத்தியார். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது, பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற சரசக்காவை அவர் கூப்பிட்டார். சரசக்காதான் டைப்பிங் செக்‌ஷனில் மூத்தவர். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிப்போய் அவர் வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். அக்காவின் டைப்ரைட்டர் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

“நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க அம்மணி.”

அக்கா அந்தப் பெட்டியின் முன்னால் வந்து நின்றார். பிறகு அதனிடமே கேட்டார்: “ஏனுங்க... நீங்க வந்துட்டா என்ர வேலை போயிருமுங்களா?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் வாத்தியார் டிபன் கேரியரைத் திறந்தார், மறுபடி மூடினார்.

“போகாதுங்க அக்கா. கத்துக்கிட்டவங்களை ஆரும் போகச் சொல்லமாட்டாங்க. நான் சொல்றனில்லீங்க.”

மேனேஜர் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதை அவர் முழுசாக நம்பினார்.

அப்புறம் வாத்தியார் சரசக்காவை விடவே இல்லை. அக்காவுக்கு டைப்ரைட்டர் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் இடது கை தன்னால் வீசி ஆடும். டைப்ரைட்டரில் அப்படித் தள்ளினால்தான் அடுத்த வரி வரும். இங்கே அந்தக் கை நேராகப் போய்க் கம்ப்யூட்டர் திரையின் கன்னத்தில் பளாரென்று விழும்.

“அக்கா, நான் திட்டத்தான் சொன்னனுங்க. அடிக்கச் சொல்லலீங்க!”

இன்னொரு தொல்லை இருந்தது. தப்பான கட்டளை கொடுத்தால் அது ‘கீய்ங்’ என்று கத்தி, மோசமான கட்டளை என்று இங்கிலீஷில் எழுதிக்காட்டும். அக்கா எழுந்துவிடுவார். “நான் என்னங்க மோசமாச் சொல்லிப்போட்டேன்? மரியாதை தெரியாத பொட்டிகிட்ட எனக்கு என்னங்க பேச்சு?” அன்றைக்குப் பூராவும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

வாத்தியார் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த வாசகங்களை எல்லாம் மாற்றி எழுதினார். இங்கிலீஷ் எழுத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு. தப்பாக அடித்தால், “தெரியலீங்க, மறுக்காச் சொல்லுங்க” என்று வரும். கணக்குப் போட நேரமானால், “சித்தெ பொறுங்க.” முடிந்ததும், “ஆச்சுங்க.” மூடும்போது, “போயிட்டு வாங்க.” அக்கா எழுந்து நின்று, “வாரனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சை அணைப்பார். கொஞ்ச நாளில் ஆபீஸே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது. சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர், இங்கே யார் யாரிடம் விடைபெறுகிறார்கள் என்று புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மரியாதை கிடைத்ததும் சரசக்காவின் விரல்கள் பறந்தன. முன்பெல்லாம் கார்பன் தாள் வைத்து பில் அடிப்பார்கள். ஓர் எழுத்து தப்பினால் மொத்தமும் கிழியும். நாலு பெண்கள் பொழுது சாயும்வரை அடித்தது, இப்போது அக்கா ஒருத்தரே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டு டம்ளர் கழுவப் போனார்.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தார். “பாருங்க சார், எங்க அக்கா வேகத்தை!”

மேனேஜர் கைகட்டி நின்று பார்த்தார். “அட, ஒருத்தரே போதுமாட்ட இருக்குதே!” என்றார்.

அதைப் பாராட்டு என்று நினைத்து வாத்தியார் சிரித்தார். அக்காவும் வெட்கத்தோடு சிரித்தார். நாங்கள் கைதட்டினோம்.

தீபாவளி கழிந்ததும் டைப்பிங் செக்‌ஷன் பெண்களை மேனேஜர் ஒவ்வொருவராக அழைத்தார். ஜெஸ்ஸி மட்டும் இருக்கலாம். கடைசியாகச் சேர்ந்தவள், சம்பளம் குறைவு, வேலையையும் அக்காவிடமே பழகியிருந்தாள். மற்ற மூன்று பேரும் வீட்டுக்கு. சரசக்காவுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, “மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க அம்மணி” என்றார் மேனேஜர். அக்கா அந்தக் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அழுதார்.

மறுநாள் வாத்தியார் வந்தார். விஷயம் கேட்டதும் நேராக மேனேஜர் அறைக்குள் போனார். நாங்கள் கதவோரம் கூடிவிட்டோம். திட்டு என்றால் என்னவென்று இன்றைக்குத்தான் கேட்கப்போகிறோம் என்று நினைத்தோம்.

“ஏனுங்க சார்...” என்றது உள்ளே அவர் குரல். “நான் அவங்களுக்கு வார்த்தை குடுத்துப்போட்டனுங்களே.”

“நீங்க எதுக்குங்க குடுத்தீங்க?”

வாத்தியார் வெளியே வந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏசி ரூம் வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல் வெறுங்காலோடு போனார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் மொபெட் கேட்டைத் தாண்டிவிட்டது.

பிறகு அவர் வரவே இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு டை கட்டிய பையன் வந்தான். முதல் வேலையாக வாசகங்களை எல்லாம் பழையபடி இங்கிலீஷுக்கு மாற்றினான். “திரும்பவும் திட்டுதுங்கண்ணா” என்றாள் ஜெஸ்ஸி. அவள் கண் கலங்கியிருந்தது.

சில வருஷம் கழித்து ஆர்.எஸ்.புரத்தில் சரசக்காவைப் பார்த்தேன். வீட்டில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துப் பட்டுக்கடைகளுக்குக் கொடுக்கிறாராம். தோளில் ஒரு மூட்டை. பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

“அந்த வாத்தியாரு எங்கிருக்காருங்க தம்பி? பாவம், அவரு பொய் சொல்லலீங்க. அவருக்கே தெரியலீங்க. அதை நெனச்சு நெனச்சு ஒடம்பைக் கெடுத்துக்குவாரு, அவரு ஆளு அப்பிடி. பாத்தீங்கன்னா சொல்லிப்போடுங்க, எனக்கு அவருமேல ஒண்ணும் இல்லீன்னு.”

வாத்தியார் அவிநாசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். அந்த இடத்தில் பேக்கரி இருந்தது.

“அவருங்களா? கடையை முடிச்சுட்டுப் போயிட்டாருங்க. எங்கன்னு தெரியலீங்க” என்றார் பேக்கரிக்காரர். “நல்ல மனுசனுங்க. டைப் அடிக்கத் தெரிஞ்ச அம்மணிக ஆராவது வந்தா, ‘வேலை நல்லா இருக்குதுங்களா, போகச் சொல்லலியே’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாருங்க.”

அந்தச் சேதி இத்தனை நாளாக என்னிடமே கிடக்கிறது. வாத்தியாரே, எந்த ஊர் டீக்கடையிலாவது இந்தப் பத்திரிகை உங்கள் கைக்குக் கிடைத்தால் இதைப் படித்துக்கொள்ளுங்கள். சரசக்காவுக்கு உங்கமேல ஒண்ணும் இல்லீங்களாம். இனியாவது நல்லாத் தூங்குங்க.