சுத்துவழி அண்ணனும் என் பதினைந்து வயதும்

நேர் ரோட்டைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆட்டோக்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேட்டு சுத்துவழி அண்ணன். பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஆஸ்பத்திரி போர்டு கண்ணுக்கு எதிரே தெரியும். ஆனால் அவர் வண்டியில் ஏறினால் ஏரிக்கரை, செங்கல் சூளை, இரண்டு மாந்தோப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரி வரும். காய்ச்சலோடு ஏறியவர்கள் போய்ச் சேருவதற்குள் காற்றுப்பட்டுக் குணமாகி, அதே வண்டியில் வீடு திரும்பியது உண்டு.

வண்டிக்குப் பேப்பர் இல்லை, போலீசுக்குப் பயந்துதான் இப்படிச் சுற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, திறக்காமலே தட்டிக் காட்டினார்.

"லைசென்சு, இன்சூரன்சு எல்லாம் கரெக்டா கீது தம்பி. கீதுன்றதுக்காகக் காட்டணுமா? ரோட்டுல நின்னுகினு, நீ யாரு, உனக்கு வயசு இன்னான்னு கேக்க அவன் யாரு?"

இதுதான் அவர் கொள்கை. ஊரில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. இலவசக் கண் முகாமில் வயது கேட்ட டாக்டரம்மாவிடம், "கண்ணத்தானே பாக்க வந்தீங்க? பாத்து நீங்களே சொல்லுங்க" என்றவர் அவர். ஜவுளிக்கடைக் குலுக்கல் சீட்டில் பெயர் எழுதச் சொன்னபோது 'ஆட்டோ' என்று எழுதிப் போட்டார். ஆட்டோவுக்கு ஒரு குக்கர் விழுந்தது. வாங்கப் போனால் பெயருக்கு அத்தாட்சி கேட்டார்கள். குக்கரை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் இன்றும் பானைச் சோறுதான்.

நான் அவருக்கு நேர் எதிர். கேட்டால் எதையும் மறைக்க மாட்டேன், ஆனால் வாயைத் திறக்கத்தான் கூச்சம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். கத்தரிக்காய் என்னிடம் எதுவும் கேட்காது என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

அந்தக் காலத்தில் ஊருக்குள் ஆதார் கேம்ப் போட்டபோது, கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர் என் கைக்குழந்தையின் பிறந்த தேதியை எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். திரையில் நானே பார்த்தேன். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, அப்படியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. சிம் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாம் மனைவி தனம் பேரில் இருந்ததால் எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை.

தனம் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். வீட்டில் நானும் ஒரு போனும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு தனம் வீடியோவில் வருவாள். மஸ்கட்டில் வீடியோ பேச ஒரே ஒரு ஆப்தான் எடுக்கும். நான் பெரிதாக ஒன்றும் பேச மாட்டேன். அவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் என்னைத் திட்டுவாள். அதுதான் ஒரு நாளில் எனக்கு நடக்கிற ஒரே நல்ல காரியம்.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. சின்னப் பிள்ளைகள் கண்டதையும் பார்க்கிறார்கள், இனிமேல் வயதைப் பார்த்துத்தான் போனுக்குள் விட வேண்டும் என்று நம் மாநிலத்திலும் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். டீக்கடையில் தினமும் இதே விவாதம். பெண் பிள்ளையைப் பெற்றவன், நல்ல சட்டம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது வந்ததா வரவில்லையா என்று தெரிவதற்குள், என் போனில் இருந்த ஆப் முந்திக்கொண்டது. 'உங்கள் வயதை உறுதி செய்யவும். கேமராவை நேராகப் பார்க்கவும்.'

நேராகப் பார்ப்பதா? கல்யாணத்தன்று போட்டோக்காரரையே நான் நேராகப் பார்த்ததில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் 'முகம் தெரியவில்லை' என்றது. மணி ஆறாகப் போகிறது. தெருவில் நின்ற சுத்துவழி அண்ணனிடம் போனை நீட்டினேன்.

"பேரு கேக்குதா?"

"இல்லண்ணா. மூஞ்சிதான் கேக்குது."

"மூஞ்சி ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்று வாங்கிக் காட்டினார். உடனே திறந்தது. தனம் எதிரே வந்து, வெற்றிலை வாயோடு சிரிக்கிற அவரைப் பார்த்து அலறினாள்.

அதோடு போகவில்லை. தினமும் ஆறு மணிக்கு ஆப் அதே முகத்தைக் கேட்டது. அவரும் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு, ஏறியவர்களையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் நாகலாபுரம் போக வேண்டிய கல்யாணக் கோஷ்டியே என் வீட்டு வாசலில் காத்திருந்தது.

"தங்கச்சி, மொதல்ல என் மூஞ்சி. அதுக்கப்புறம்தான் உன் புருஷன்" என்பார்.

"என் தலையெழுத்துண்ணா" என்பாள் தனம்.

ஒரு வாரம் கழித்து, முகம் போதாது, அட்டையைக் காட்டு என்றது. அவர் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் என் ஆதாரைக் காட்டினேன். சிறிது நேரம் சுற்றியது. பிறகு, 'நீங்கள் சிறுவர். பெற்றோரின் அனுமதி பெறவும்' என்று வந்தது.

"உங்க நைனாவதான் கேக்கணும்" என்றார்.

"அவரு போயி இருவது வருஷமாச்சிண்ணா."

"அப்ப அனுமதி வாங்கறது கொஞ்சம் கஷ்டம்தான்."

மறுநாளே ஒரு யோசனையோடு வந்தார். "இது ஆந்திரா சட்டம்தானே? பார்டரத் தாண்டி நின்னுகினு பண்ணா இன்னா பண்ணுவாங்க? ஏறு." தடா என்ற ஊர்வரைக்கும் அவருக்கு மட்டுமே தெரிந்த வயல் வழிகளில் போய், எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மண்ணில் ஒரு புளியமரத்தடியில் இறக்கினார். எங்கள் ஊர்க்காரர்கள் சில காரியத்துக்கு அந்தப் பக்கம் போவதும், சில காரியத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதும் வழக்கம்தான். போனைத் திறந்தேன். அங்கேயும் நான் சிறுவனாகவே இருந்தேன்.

"இந்த மெஷினுக்குப் பார்டரே தெரியல தம்பி" என்று வருத்தப்பட்டார்.

அடுத்தது வி.பி.என். மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒரு மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததாம். "நீ இங்க குந்திக்கினு இருப்ப. உன் போனு எங்கியோ வேற நாட்டுல கீற மாதிரி காட்டிக்கினு இருக்கும். நேரா போவாம எங்கெங்கியோ சுத்திக்கினு போவுமாம். இன்னா அறிவு பாரு! எவனோ ஆட்டோக்காரன்தான் கண்டுபுடிச்சிருக்கணும்." அதைப் போனில் போட்டார். என் போன் நெதர்லாந்துக்குப் போய்விட்டது. சத்தியவேட்டு வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்த என்னிடம், பனி பெய்யும், கம்பளி எடுத்துக்கொள் என்றது. பிறகு ஆப் விழித்துக்கொண்டது. யாரோ அந்நிய நாட்டுக்காரன் என் கணக்கில் நுழைகிறான் என்று சொல்லி அடியோடு பூட்டிவிட்டது.

இருபது நாள் தனத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் சாதா போனில் கூப்பிட்டாள். இரண்டு நிமிஷம்தான். "உனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே? எங்கிட்ட மறைக்கிறியா? மூஞ்சிய காட்டுய்யா ஒரு தபா" என்று அழுதாள். லைன் போய்விட்டது. பக்கத்தில் நின்ற சுத்துவழி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"படிச்ச ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கு. ஆதாருல வயச மாத்திடலாம்."

"திருப்பதில ஆபீசுல கேள்வி கேப்பாங்கண்ணா."

"கேக்கட்டும். நான் வரேன்."

சர்டிபிகேட் கைக்கு வந்த அன்று புத்தூர் வழியாக மெயின் ரோட்டிலேயே போனார். ரேணிகுண்டாவுக்கு முன்னால் போலீஸ் கை காட்டியது. அவர் தானாக ஓரம் கட்டியபோது நான்தான் பயந்துபோனேன்.

ஆபீசில் இருந்த அம்மா என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். அதில் ஆந்திர வழக்கப்படி என் பெயர் குடும்பப் பெயரோடு எழுதியிருந்தது, ஆதாரில் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும், அவருடைய பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் சான்றிதழைத் திரும்ப எடுத்து மடித்தேன். "வாங்கண்ணா, போலாம்" என்றேன்.

அவர் நகரவில்லை. மேஜைமேல் குனிந்து அந்த அம்மாவின் காதருகே எதையோ முணுமுணுத்தார்.

"கட்டிகா செப்பண்டி, வினபடலேது" என்றார் அந்த அம்மா. சத்தமாகச் சொல்ல வேண்டுமாம், காதில் விழவில்லையாம்.

சுத்துவழி அண்ணன் நிமிர்ந்தார். ஹால் முழுக்க ஆட்கள். ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு தன் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கடைசி நாற்காலிவரை கேட்கும்படி சொன்னார். "இவன எனக்கு முப்பது வருஷமா தெரியும். இவன் சின்னப் பையன் இல்ல. நல்ல மனுசன்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

சில வாரத்தில் எனக்கு வயது வந்துவிட்டது. புது அட்டையைக் காட்டியதும் ஆப் பூட்டைத் திறந்தது. கேமராவை நேராகப் பார்த்தேன். ஆறு மணிக்கு தனம் வந்தாள். பார்த்தாள், அழுதாள், இளைத்துவிட்டாய் என்று திட்டினாள். மனசு ஆறியதும் சொன்னாள்.

"அந்த அண்ணன் பேர்ல அம்மன் கோயில்ல ஒரு அர்ச்சன பண்ணிடுய்யா. ஆமா, அவரு பேரு இன்னா?"

தெரியாது என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய்.

மறுநாள் கோயிலில் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர், பேர் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஐயரின் கண்ணைப் பார்த்தேன். "பேரு அம்மனுக்குச் சொல்லிட்டேன் சாமி. நீங்க பண்ணுங்க" என்றேன்.