அமரர் பிரியாணி கேட்டார்

வேகமாக இங்கிலீஷ் பேசுகிறவர் முன்னால் உட்கார்ந்தால் என் தலை தானாக ஆடும். புரிந்ததா என்று கேட்டால் அதற்கும் ஆடும். கயல், தம்பி, உங்களிடம் இதை ஒளித்துப் பயனில்லை. அன்றைக்கு நடந்ததை நீங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிவதால், சரியான கதையை நானே எழுதி வைக்கிறேன். (அசடு வழிந்தவனுக்குத்தானே எவ்வளவு வழிந்தது என்று தெரியும்!)

உங்கள் தாத்தா உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் விட்டுப்போனதை நிர்வகிக்க நீதிமன்றம் என்னை நியமித்து ஓர் உத்தரவு கொடுத்தது. அதற்கு ஒரு கெடு இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து நான் அதைப் பீரோவில் வைத்துவிட்டேன். கயல் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் உங்கள் அத்தை ஃபோனில் கேட்டாள்: "ஏண்ணே, அம்மாவோட அட்டிகை அப்பா பேர்ல இருக்கிற பேங்க் லாக்கர்லதானே கிடக்கு? கயலுக்குன்னே சொல்லி வச்சது. அது இல்லாம பொண்ணு மணையில உட்காருமா?"

வங்கிக்கு ஓடினேன். உத்தரவு காலாவதியாகிவிட்டது, புதுப்பித்தால்தான் லாக்கர் திறக்கும் என்றார்கள். கல்யாணமோ அடுத்த மாதம்.

சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் லாயர் நித்யாவின் அலுவலகம். "அங்கிள், நீங்க மறுபடியும் சத்தியம் பண்ணணும். அதை வாங்குற ஆணையர் நாளைக்கு இங்க வர்றாங்க. உங்க அப்பாவோட டெத் சர்டிபிகேட் ஒரிஜினல் வேணும். நாளைக்கு விட்டா கல்யாணத்துக்குள்ள முடியாது லா."

தலை ஆடியது.

நம் குடும்பத்தில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்போம். தாத்தா ராமசாமி. நான் முருகேசன். தம்பி, நீ மறுபடியும் ராமசாமி. (மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்றுதான் உங்கள் அம்மா உன்னைத் 'தம்பி'யாக்கினாள். எழுதும்போது மட்டும் அந்த மரியாதை கிடையாது.) பீரோவில் அவள் கையெழுத்தில் 'ராமசாமி சர்டிபிகேட்' என்று ஓர் உறை இருந்தது. எடுத்துக்கொண்டேன். அதே மாதிரி இன்னொன்று அடியில் கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்?

நீதிமன்ற விஷயமாயிற்றே என்று, கல்யாணத்துக்குத் தைத்த புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு சுவா சூ காங் வீட்டிலிருந்து கிளம்பினேன். ஆணையர் ஒரு சீன அம்மையார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"யுவர் ஃபாதர் ராமசாமி, டெட் ஆல்ரெடி?"

"யெஸ் மேடம். வெரி டெட்."

உறையைப் பிரித்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஹி இஸ் யங்கர் தேன் யூ?"

தலை ஆடியது.

"ஹிஸ் ஃபாதர் இஸ் முருகேசன். தட்ஸ் யூ. ஸோ யூ ஆர் யுவர் ஃபாதர்ஸ் ஃபாதர்?"

"யெஸ் மேடம்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

நித்யா பாய்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ அங்கிள், இது உங்க பையனோட பர்த் சர்டிபிகேட்!"

அந்த நேரம் பார்த்து மேசைமேல் என் ஃபோன் அலறியது. திரையில் ஆங்கிலத்தில் 'ராமசாமி'. கூடவே தேசிய சேவை ராணுவச் சீருடையில் சிரிக்கும் உன் முகம். அம்மையார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நிறுத்தப் போய் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"அப்பா, கேம்ப்லேருந்து இப்பதான் வீட்டுக்கு வந்தேன். செம பசி. தேக்கா மார்க்கெட் பக்கம்தானே இருக்கீங்க? மட்டன் பிரியாணி வாங்கிட்டு வாங்க. முட்டை எக்ஸ்ட்ரா லா!"

"டெட் மேன் வான்ட் பிரியாணி ஆ?" என்றார் அம்மையார்.

நித்யா ஃபோனைப் பிடுங்கினாள். "தம்பி, பிரியாணி நான் வாங்கித் தர்றேன். பீரோவுல உங்க தாத்தாவோட டெத் சர்டிபிகேட் இருக்கும். டாக்ஸி பிடிச்சு எடுத்துட்டு ஓடி வாங்க. மேடம் கிளம்பிட்டா உங்க அக்காவுக்கு அட்டிகை கிடையாது!"

அம்மையார் கைப்பையைத் தோளில் மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். நான் கோட்டுக்குள் இட்லியாக வெந்துகொண்டிருந்தேன். கயல், உன் வெறும் கழுத்து என் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

கடைசியில் அவர் எழுந்தேவிட்டார். அப்போதுதான் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்.

"ஹூ ஆர் யூ?"

"ராமசாமி, மேடம்," என்று மூச்சிரைக்க உறையை நீட்டினாய்.

அம்மையார் உன்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். "வாவ்! டெட் மேன் பிரிங் ஹிஸ் ஓன் டெத் சர்டிபிகேட்!" சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு நான் ஒழுங்காகச் சத்தியம் செய்தேன், அவர் முத்திரை குத்தினார். நீ ஓரமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாய்.

உத்தரவு புதுப்பித்து வந்தது, லாக்கர் திறந்தது. கயல், அந்த அட்டிகையோடு நீ மணையில் உட்கார்ந்தபோது என் கண் கலங்கியது ஓமப்புகையால் அல்ல. நல்லவேளை, யாரும் கவனிப்பதற்குள் உங்கள் அத்தை மைக்கைப் பிடித்துவிட்டாள்: "பொண்ணோட தம்பி, அமரர் ராமசாமி, எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்!" மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பாவம், எழுந்து தலைகுனிந்து நின்றார்.

இப்போதும் துணி காயப்போடச் சொன்னால் சோபாவில் படுத்தபடி நீ சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம்: "என்னை ஏன்பா கூப்பிடுறீங்க? வெரி டெட்னு நீங்கதானே சொன்னீங்க!"

உடனே உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "சரிங்க, விடுங்க. அமரருக்கு வச்ச பிரியாணியை நீங்களே சாப்பிடுங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நீ தட்டோடு நிற்பாய்.