நனைக்காமல் வெட்டிய நாற்பத்திரண்டு ஜாக்கெட்

எனக்கு இன்றைக்கும் மஞ்சள் ஜாக்கெட்டைக் கண்டால் ஆகாது. ஜவுளிக்கடையிலோ கல்யாண வீட்டிலோ பேருந்தின் முன் இருக்கையிலோ ஒன்று தென்பட்டால் போதும், என் கண் நேராக அந்த அம்மாளின் அக்குள் தையலுக்குத்தான் போகும். (குடும்பத்துப் பெண் பார்க்கிற பார்வையா இது என்று அம்மா பலமுறை என் தொடையில் கிள்ளியிருக்கிறாள்.) காரணம் கேட்டவர்களிடம் இதுநாள்வரை மழுப்பிவந்தேன். பாகூர் பக்கத்தில் ஏழெட்டு ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை மற்றவர்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. வீடு வில்லியனூரில். புதுச்சேரியில் ஆடை வடிவமைப்பில் டிப்ளமா முடித்திருந்தேன். அங்கே நாங்கள் தைத்ததெல்லாம் மோட்டார் மெஷினில். போட்டுப் பார்த்ததெல்லாம் ஒரு பஞ்சுப் பொம்மைக்கு. அந்தப் பொம்மைக்கு வியர்க்காது, அது மூச்சு விடாது, கையைத் தூக்காது, முக்கியமாகக் குறை சொல்லாது. அதற்குத் தைத்த கையோடு ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் என்னால் தைத்துவிட முடியும் என்று நம்பினேன்.

ஒரு தொண்டு நிறுவனம் பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் (பெயர் வேண்டாம், போதும் அவர்கள் பட்டது) ஏழைப் பெண்களுக்கு ஆறு மாதத் தையல் வகுப்பு தொடங்கியது. ஆசிரியை நான். சமுதாயக் கூடத்தில் ஆறு மெஷின், பன்னிரண்டு பெண்கள். எல்லாம் காலால் மிதிக்கிற மெஷின். முதல் நாள் ஆசிரியை கெத்தோடு உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் அறுந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி அறுந்தது. பன்னிரண்டு பேரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். பாகூரில் சின்னக் கடை வைத்திருப்பவரின் மனைவி ஷாகிரா மட்டும் குனிந்து, "டீச்சர், சக்கரத்த கையால முன்னால ஒரு தள்ளு தள்ளிட்டு மிதிங்க. அது பழகினா சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள்.

போன மானத்தைத் திரும்ப வாங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கண்டிப்பு. அன்றிலிருந்து என் வகுப்பில் எல்லாவற்றுக்கும் விதி. அவற்றில் பெரிய விதி, ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே அரை அங்குலத் துணிக்குமேல் விடக் கூடாது என்பது. நம் ஊர்த் தையல்காரர்கள் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு, அடுத்தடுத்து மூன்று வரிசை தையல் போடுவார்கள். உடம்பு கொஞ்சம் பூசினால் முதல் வரிசையைப் பிரித்துவிட்டால் போதும், ஜாக்கெட் தாராளமாகிவிடும். இது எனக்குப் பட்டிக்காட்டு வழக்கமாகப் பட்டது. "அளவு சரியா எடுத்தா எதுக்குக்கா பிரிக்கணும்? துணி வேஸ்ட்" என்றேன். பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். (தலையாட்டல் வேறு, ஒப்புதல் வேறு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.)

அந்தப் பன்னிரண்டு பேரில் செல்வராணி அக்கா முதல் வரிசை. நாற்று நடப் போய்ப் போய் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மெஷின் மிதிக்கும்போது விரல்களைத் தூக்கிக்கொண்டு குதிகாலால் மிதிப்பாள். கொத்து வேலைக்குச் சென்னை போன கணவர் பொங்கலுக்குப் பொங்கல் வந்து முகம் காட்டுவதோடு சரி. இரண்டு பெண் பிள்ளைகள். ஒருநாள் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இத்த கத்துகினா நானு சேத்துல எறங்காம வூட்டுல குந்திகினே பொழைக்க முடியுமா?"

"நிச்சயமா!" என்றேன்.

வில்லியனூர் திரும்பும் பேருந்தில் அந்த 'நிச்சயமா' மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. ஊரில் யாரும் இவர்களிடம் துணி கொடுப்பதாக இல்லை. பழகிய தையல்காரர் பாகூரில் இருக்கும்போது, கற்றுக்கொள்கிறவளிடம் எவள் தன் ஜாக்கெட் துணியைத் தருவாள்?

ஒருத்தி தந்தாள். கரும்பும் நெல்லுமாகப் பதினைந்து ஏக்கர் வைத்திருந்த வீட்டு அம்மாள். ஊருக்கே பெரிய வூட்டம்மா. ஆடி மாதப் பால்குடத்துக்கு நாற்பத்திரண்டு பெண்கள் ஒரே மாதிரி மஞ்சள் புடவை கட்டுவதாக முடிவாகியிருந்தது. ஜாக்கெட் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து இறக்கினார்.

"தோ பாரு டீச்சர். இது நல்லா வந்துச்சின்னா தையில எம்பொண்ணு கல்யாணம், அந்தத் துணி மொத்தமும் இவளுங்களுக்குதான். தெருவுல உள்ளவளுங்களையும் நானே இட்டாந்து வுடறேன். கெட்டுச்சி, பாகூர் டெய்லருகிட்டயே போய்க்கிறோம். அப்புறம் யாரும் இந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்க மாட்டாளுங்க."

செல்வராணி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொன்னேன்: "நிச்சயமா."

துணி டூ பை டூ காட்டன், உள்ளே லைனிங்கும் காட்டன். மூட்டையைப் பிரித்ததும் ஷாகிரா, "டீச்சர், ஒரு பக்கெட்டுல நனைச்சி காயப்போட்டுட்டு வெட்டலாமா? புதுத்துணி இழுத்துக்கும்" என்றாள். நாள் குறைவு, நாற்பத்திரண்டு துணியைக் காயப்போட இடமும் இல்லை. அதையெல்லாம் சொல்லியிருந்தால் யோசனைக்காவது இடம் இருந்திருக்கும். நானோ மூக்கைத் தூக்கிக்கொண்டு, "இப்பல்லாம் மில்லுலயே சுருங்காத மாதிரி பண்ணித்தான் அனுப்புறாங்க ஷாகிரா" என்றேன். எந்த மில், யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மயக்கம் வந்த மாதிரி விழுந்திருப்பேன்.

காகிதத்தில் நான் அளவு வரைந்து தர, அவர்கள் வெட்டித் தைத்தார்கள். பெரிய வூட்டம்மாவின் ஜாக்கெட்டை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. வாட்டசாட்டமான உடம்பு, அதற்கு உருவி விட்டாற்போல ஒரு ஜாக்கெட் தைத்துக் காட்டினால் என் டிப்ளமாவுக்கு ஓர் அர்த்தம் கிடைக்கும் என்று நினைத்தேன். உள்ளே அரை அங்குலம், ஒரே வரிசை தையல், படு கச்சிதம். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றார். "பாகூர் டெய்லரு இன்னும் பத்து வருசம் படிக்கணும்" என்றார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பால்குடத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது செல்வராணி அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள்: "காலையில அல்லாரும் கட்டின புடவையோட கொளத்துல முழுகிட்டு, அப்பிடியே ஈரத்தோட கொடத்த தூக்குவாங்க. வழி நெடுக மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. பாக்கவே கண்ணு நெறைஞ்சிடும் டீச்சர்."

முழுகிட்டு. ஈரத்தோட. மஞ்சத்தண்ணி.

குப்பைக்கூடையில் கிடந்த ஒரு வெட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போனேன். பன்னிரண்டு விரல் நீளம் இருந்தது. நனைத்து, வெயிலில் விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். காய்ந்தபின் அளந்தால் பதினொன்று. விரலை மாற்றி அளந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். துணிக்கு என்மேல் இரக்கமே வரவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் மனத்துக்குள் பன்னிரண்டில் ஒரு பங்கு இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிழா தள்ளிப்போக மழை வேண்டினேன். (மழை வந்தாலும் நனையத்தானே செய்யும் என்பது வேண்டி முடித்த பிறகு உறைத்தது.) வேலையை விட்டு ஓடிவிடலாம் என்று ராஜினாமாக் கடிதம்கூட எழுதினேன். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை: அந்தப் பன்னிரண்டு பேரிடம், "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லவில்லை. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விடிந்தது. நாற்பத்திரண்டு பேரும் குளத்தில் முழுகி எழுந்து, தலையில் குடத்தோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். குடத்தைத் தூக்கிவிட்டால் கோயில் சேரும்வரை இறக்கக் கூடாது. எனவே எல்லோரின் கைகளும் மேலே. முன்வரிசையில் பெரிய வூட்டம்மா, அம்மன் மாதிரியே இருந்தார். மேளம் புறப்பட்டது. ஆடி மாதத்துக்கு அப்படியொரு வெயிலை நான் கண்டதில்லை. வாசலுக்கு வாசல் பக்தியோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் என் உயிர் ஒருமுறை போய்வந்தது.

இரண்டாவது தெருவில் ஒரு பெண் தோளைக் குலுக்கினாள். மூன்றாவது தெருவில் வரிசையே நெளிந்தது. "யம்மா, கை மரத்துப்போவுதுடி" என்றாள் ஒருத்தி. "எனக்கு மூச்சே வரல" என்றாள் இன்னொருத்தி. கூட்டத்தில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா எறங்கிட்டா!" என்றார். எனக்கு மட்டும்தான் தெரியும், இறங்கியது ஆத்தா இல்லை, டூ பை டூ காட்டன் என்று.

பிள்ளையார் கோயில் முன்னால் ஊர்வலம் பூஜைக்கு நின்றது. ஓடிப்போய் செல்வராணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, துணி சுருங்குதுக்கா. நனைக்காம வெட்டச் சொன்னேனே... உள்ள துணியும் இல்லையே... என்னக்கா பண்றது?" பாதி பேச்சு, பாதி அழுகை.

அவள் பதறவே இல்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்திரியை எடுத்தாள். "உள்ள துணி கீதே டீச்சர்" என்றாள்.

"எப்படிக்கா?"

"நாங்கதான் வுட்டோம். ரெண்டு வெரலு, மூணு தையலு. நீங்க அந்தாண்ட திரும்பறப்பல்லாம் தச்சோம். கோச்சிக்காதீங்க."

பன்னிரண்டு பேரிடமும் கத்திரி இருந்தது. மேளக்காரர்களை அந்தப் பக்கம் திரும்பி நின்று வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் புடவையைத் திரைபோலப் பிடித்தார்கள். கைகள்தான் ஏற்கெனவே மேலே இருக்கின்றனவே, வசதியாகப் போயிற்று. விரலால் துழாவி, உள்தையலைக் கண்ணி கண்ணியாக அறுத்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தார்கள். தையல் விட்ட ஒவ்வோர் இடத்திலும் "ஸ்ஸ்... அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்பத்தொன்று கேட்டது.

"டீச்சர்" என்றாள் செல்வராணி அக்கா, பெரிய வூட்டம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு. "இதுல உள்ள ஒண்ணுமே இல்லியே."

அதற்குள் மேளம் கிளம்பிவிட்டது. பெரிய வூட்டம்மா ஓரடி வைத்தார். முதல் ஹூக் தெறித்தது. இரண்டாவது அடியில் அக்குளில் 'டர்ர்' என்று ஒரு சத்தம். மேளத்தையும் மீறி எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அவர் முகம் மாறியது, குடம் அசையவில்லை. ஷாகிரா தன் துப்பட்டாவை உருவி அவர் தோளைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் முடிச்சுப் போட்டாள். அப்படியே கோயில்வரை நடந்தார்.

அபிஷேகம் முடிந்ததும் நேராக எங்களிடம் வந்தார். நான் பிரசாத வரிசையில், மைக் செட்காரருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

"என் ஜாக்கெட்ட தச்சவ யாருடி?"

செல்வராணி அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்னால் வந்து, "நான்தாம்மா" என்றாள்.

"இன்னாடி தச்சிக்கிற? ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே! இனிமே உங்கிட்ட ஒரு சாண் துணி யாரு குடுக்கறாங்க பாத்துடறேன்!"

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. தலையைக் குனிந்தேன். ஈரத் தரையில் அவள் கால் தெரிந்தது. விரல் இடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் புண். சேற்றில் இறங்காமல் பிழைக்க முடியுமா என்று கேட்ட அதே கால்.

"நான்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா?" என்றார் பெரிய வூட்டம்மா.

"நான்தாம்மா தச்சேன்."

"இன்னா? மோளத்துல கேக்கல!"

"அந்த ஜாக்கெட்டைத் தச்சது நான்தான்! நனைக்க வேணாம்னதும் நான்தான்! உள்ள துணி விடாததும் நான்தான்! அவங்க மேல ஒரு தப்பும் இல்ல!"

மைக் செட்காரர் தன் கையிலிருந்த மைக்கை அணைத்திருக்கவில்லை. புளியமரத்து உச்சியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாக என் வாக்குமூலம் அடுத்த ஊருக்கும், அதற்கடுத்த ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள்கூடக் கேட்டார்களாம்.

பெரிய வூட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "அப்ப மத்ததுக்கெல்லாம் உள்ள துணி வுட்டது?"

"டீச்சர் கூடாதுன்னாங்க" என்றாள் ஷாகிரா, தரையைப் பார்த்தபடி. "நாங்கதான் கேக்கல."

அவர் துப்பட்டா முடிச்சை இறுக்கிக்கொண்டார். "டீச்சரு பேச்ச கேக்காத வரைக்கும் நல்லாதான் தச்சிக்கிறீங்க" என்றார். "இனிமேலும் கேக்காதீங்க. கல்யாணத் துணிய நாளைக்கே எட்த்தாந்து போடறேன். ஆனா ஒண்ணு, இந்தப் பொண்ணு கத்திரிக்கோல தொடக்கூடாது."

கல்யாணத் துணி வந்தது. பின்னாலேயே தெரு வந்தது. செல்வராணி அக்கா அதற்கடுத்த நடவுக்கு வயலில் இறங்கவில்லை. இப்போது ஷாகிராவின் கடையின் பின்னறையில் ஐந்து பேர் சேர்ந்து தைக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்றாலும்கூட, என் கணவர் உடனே, "மைக்கில் சொல்லு" என்கிறார். ஏழு வயது மகள் கையைக் குவித்து அவருக்குக் குழாய் பிடிக்கிறாள்.

பெரிய வூட்டம்மா போட்ட தடை மட்டும் நீங்கவில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பின்னறைக்குப் போவேன். பழைய டீச்சர் ஆயிற்றே, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கத்திரிக்கோலை எட்டத் தள்ளிவைத்துவிட்டு, கையில் ஊசியும் ஒரு பாக்கெட் ஹூக்கும் தருவார்கள். நான் தைத்து முடித்ததும் செல்வராணி அக்கா வாங்கி, ஒவ்வொரு ஹூக்காக இழுத்துப் பார்ப்பாள். போன மாதம் ஆறில் இரண்டைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னாள்.