ஜெனிஷாவை வெளியே அனுப்பிய வகுப்பு

யாராவது என்னை எதிர்த்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். இந்த உண்மையை மறைத்துத்தான், திருவனந்தபுரத்துக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன வேலை? திறந்த விவாதத்தின் மூலம் பொருளாதாரம் கற்பிப்பது. (சிரிக்காதீர்கள். நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை.)

விரிவுரையே கூடாது, எல்லாம் விவாதம்தான் என்பது துணைவேந்தரின் கட்டளை. அந்தக் கட்டளையைப் பற்றி விவாதிக்க மட்டும் எங்களுக்கு அனுமதி இல்லை.

முதல் மாதமே அவர் என் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. போர்டில் 'இங்கே யாரும் எதையும் பேசலாம்' என்று பெரிதாக எழுதினேன். பிறகு, சுமைதூக்கும் தொழிலாளர் சங்கங்கள்தான் வியாபாரத்தைக் கெடுக்கின்றன, அவை விலகினால் மிஷின்கள் வந்துவிடும் என்று முழங்கினேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கும் என் அப்பாவையே உதாரணம் காட்டினேன். என் அறிவு அவ்வளவுதான்.

ஜெனிஷா எழுந்தாள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள்.

"சார், அந்தக் கடையிலதான் எங்க அப்பா சாக்கு சுமக்காரு. அந்தச் சந்துக்குள்ள மிஷின் நுழையாது சார். எங்க அப்பா தலைதான் நுழையும்."

வகுப்பு சிரித்தது. துணைவேந்தரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. "வெளிய போ" என்று கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக மொத்த வகுப்பும் போனது. காலி பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்து எழுந்த துணைவேந்தர், "நல்ல எனர்ஜி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெண்ணை நான் அவமானப்படுத்தியதைக் கண்ணால் பார்த்த மனிதர் சொன்னது இது. அவர் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. என் மேல் வந்ததும்தான்.

மறுநாள் காலை ஆரியசாலைக்கு ஓடினேன். ஜெனிஷாவின் அப்பா செல்வராஜ் தலையில் வற்றல் மிளகாய் மூட்டையோடு வந்தார். அதை இறக்கக்கூட விடாமல் மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளை ஒண்ணும் சொல்லல்லியே சார். என்ன சம்பவம்?"

அவள் வீட்டில் மூச்சே விடவில்லை. ஆக, முழு அவமானத்தையும் நானே முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. மற்ற தொழிலாளர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். கல்லாவில் இருந்த அப்பாவும் கேட்டுவிட்டார்.

"ஏலே, நம்ம சந்துக்குள்ள மிஷின் நுழையுமா?"

"நுழையாது."

"பெறகு அந்தப் பிள்ளை சொன்னதுல என்னல தப்பு?"

செல்வராஜ் மூட்டையை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்றே வகுப்பில் எல்லார் முன்னாலும் ஜெனிஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்லை சார்" என்றாள். (பரவாயில்லை என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்.) ஆனால் உட்காரவில்லை. அவளிடம் இன்னும் நாலு பாயிண்ட் இருந்தது. நாலிலும் தோற்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்கிறார். வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூட்டியும் சொல்கிறார். இப்போதெல்லாம் அதில் துணைவேந்தரையும் நான்தான் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளுகிறேன். அந்த இடத்தை மட்டும் நான் திருத்துவதில்லை.