நிற்கிற வண்டி

எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் அதைத் தன் ஊர் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற மனிதர் வளைகுடா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். ராஸ் அல் கைமாவில் எங்கள் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பைக் கவனிக்கிற கேம்ப் பாஸ். ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் ஸ்டேஷன் மாஸ்டர்.

பரமக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருடையது. மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னால் போதும்.

"உப்பா? எங்கூரு ஸ்டேஷன்ல அந்தக் காலத்துல வேகன் வேகனா உப்பு ஏத்துவாய்ங்க தம்பி!"

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், கரி இன்ஜின் தண்ணீர் குடித்த கிணறு வரும். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்து, ஸ்டேஷன் மாஸ்டரே இல்லாத வெறும் ஹால்ட்டாக அந்த ஸ்டேஷன் ஆன கதையைக் கேட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

கேம்ப் வாசலில் ஸ்டேஷன் மணி மாதிரி ஓர் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். அதை அடித்து, பச்சைத் துண்டை ஆட்டினால்தான் டியூட்டி பஸ் கிளம்பலாம். பெஷாவர்க்கார டிரைவர் ஹாரனை அழுத்தி, "மாஸ்டர் பாய், ஜல்தி!" என்று கத்துவார்.

"சிக்னல் மாஃபி!" என்று அரபு கலந்து 'இல்லை' சொல்வார் இவர், அசையாமல்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மணியடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். டிக்கெட் விற்பனை போதவில்லை, அங்கே நிற்கிற ஒரே பாசஞ்சர் வண்டியும் இனி நிற்காது போலிருக்கிறது என்று ஊரிலிருந்து செய்தி. அன்று சாயங்காலமே மாஸ்டரின் உத்தரவு பிறந்தது. லீவில் போகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து ரயிலேற வேண்டும்.

"நான் புதுக்கோட்டை, மாஸ்டர். திருச்சில எறங்குனா ஒரு மணி நேரத்துல வீடு" என்றேன்.

"மதுரைல எறங்கி நம்மூருக்கு பஸ் ஏறுங்க தம்பி. நம்ம வண்டி புதுக்கோட்டை வழியாத்தான் போகுது."

மறுக்க முடியுமா? திரும்பி வந்தால் ரூம் ஒதுக்குவது அவர்தானே. என் மனைவி மட்டும் போனில், "ஏங்க, வெயில் மூளைக்கு ஏறிருச்சா?" என்று கேட்டாள்.

இரண்டு பெட்டிகளோடு அந்த ஸ்டேஷனில் போய் இறங்கினேன். ஒரு வேப்பமரம், ஒரு பெஞ்சு, சில ஆடுகள். டிக்கெட் கொடுப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராஸ் அல் கைமாவா? போன வாரம் ஒரு பீகார்த் தம்பி வந்துச்சு. எங்க போகணும்னே அதுக்குத் தெரியல. ஆனா டிக்கெட்ட வாங்கிருச்சு."

வண்டி வந்து நின்றது. சொல்லியிருந்தபடி மாஸ்டரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"நிக்கிதா தம்பி?"

"நிக்கிது மாஸ்டர்."

"இன்ஜினக் காட்டுங்க. போர்டக் காட்டுங்க. அந்தக் கெணறு இருக்கான்னு பாருங்க."

கிணற்றைத் தேடி போனைத் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. டிக்கெட் என் கையில், பெட்டிகள் தரையில், வண்டி போய்க்கொண்டிருந்தது.

நன்றாகத் திட்டலாம் என்று போனை நிமிர்த்தினேன். அங்கே கேம்ப் வாசலில் நின்று அவர் பச்சைத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நின்னுச்சுல்ல தம்பி?"

"நின்னுச்சு மாஸ்டர்" என்றேன்.

வண்டி இன்றைக்கும் அந்த ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. அடுத்த லீவுக்கும் நான் மதுரைக்குத்தான் விமான டிக்கெட் போட்டேன்.