முட்டி வலிக்கு மூன்று கடை

டைல்ஸ் பதிக்கிறவருக்கு முட்டிதான் மூலதனம். நம்மவருக்கு அது நாலு மாதமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. என்ன ஆனாலும் இது மனைவி காதுக்குப் போகக் கூடாது என்று முடிவு கட்டினார். அவளுக்குத் தெரிந்தால் டாக்டரிடம் இழுத்துப் போவாள். டாக்டர், இனிமேல் முட்டி போடாதே என்பார். முட்டி போடாமல் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கோ இருபத்தாறு வருஷமாக வேறு தொழில் தெரியாது. வலியைவிட இந்தப் பயம்தான் அவரை அதிகம் வாட்டியது.

ஆகவே தனக்குத் தானே டாக்டரானார். வலிக்கு வெள்ளை மாத்திரை. உடம்பு அசதிக்கு மஞ்சள் மாத்திரை. அதற்கும் மேலே, வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் சளிப் பொடி. சளி இல்லைதான், ஆனால் அதைக் குடித்தால் முட்டி கொஞ்சம் அடங்கியது. ஒரே கடையில் வாங்கினால் கேள்வி கேட்பார்கள் என்று மூன்று கடைகளில் வாங்கினார். ஒரே மருந்தை அள்ளிப் போட்டால்தானே ஆபத்து, நாம் பிரித்துப் பிரித்துத்தானே போடுகிறோம் என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். அட்டைகளை ரசமட்டப் பெட்டியிலும் பழைய சட்டைப் பையிலும் ஒளித்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதியோடு இருந்தார்.

ஒரு நாள் காலை மனைவி தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, மூன்றையும் அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு வாரமா மண்டையிடிங்க. இதெல்லாம் வீட்டுல அங்கங்க கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு போட்டுக்கிட்டேன். பின்னால என்ன எழுதியிருக்குன்னு படிங்களேன், எழுத்து பொடியா இருக்கு."

அவள் தையற்கடையில் வேலை செய்கிறவள். ஊசியில் நூல் கோக்க ஒரு நாளும் கண்ணாடி தேடியதில்லை. இதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. தான் ஒளித்ததை எடுத்தல்லவா இவள் விழுங்கியிருக்கிறாள் என்று மூன்றையும் வெடுக்கென்று எடுத்தார். படித்தார். வெள்ளையில் பாராசிட்டமால் அறுநூற்றைம்பது. மஞ்சளில் பாராசிட்டமால் ஐந்நூறு. சளிப் பொடியிலும் அதே பாராசிட்டமால், பொட்டலத்துக்கு ஆயிரம். மூன்று கடை, மூன்று பெயர், உள்ளே இருந்தது ஒரே ஆசாமி.

"ஒரு நாளைக்கு எத்தனை போட்ட?"

"வெள்ளை மூணு, மஞ்சள் மூணு, பொடி ரெண்டு."

சதுர அடிக் கணக்கை மனசிலேயே போடுகிறவர் அவர். ஐயாயிரத்து நானூற்றைம்பது மில்லிகிராம். நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரல் கெடும் என்று அட்டையிலேயே இருந்தது. அது தன்னுடைய கணக்கேதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவள் போய்விட்டால் என்ன செய்வது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் உபதேசம். பேர் வேறு என்றால் மருந்து வேறா? வலிக்கிறது என்று சொல்ல வாயில்லையா? கட்டின புருஷனிடம் மறைக்கிற விஷயமா இது? அவள் ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து, "ஆமாங்க, தப்புதாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பணிவாக இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவள் சீட்டு வாங்கிவிட்டாள். உள்ளே போனதும் நம்மவர் உட்காரக்கூட இல்லை. மனைவி போட்ட மாத்திரைக் கணக்கையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டுச் சீட்டைப் பார்த்தார்.

"இதுல ஆண், வயசு அம்பத்தொண்ணுன்னு இருக்கே?"

நம்மவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தலைத்துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணுகூடப் போடலங்க. உங்க காலி அட்டைய எண்ணித்தான் சொன்னேன்." அவர் முட்டியைப் பார்த்துச் சொன்னாள். "முட்டி போனா நின்னு செய்யிற வேலை ஏதாவது பார்த்துக்கலாம். நீங்க போனா நான் எங்க போய்த் தேடுவேன்?"

சொல்லக்கூடிய நியாயத்தையெல்லாம் வரும் வழியில் அவரே கண்டித்துத் தீர்த்திருந்தார். டாக்டர் மூன்றையும் உடனே நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு சொன்னார்.

"பேண்ட்ட முட்டிக்கு மேல மடிச்சு விடுங்க."